பதினோராயிரம் ரூபாய்ச் சந்தா

சிற்றிதழ் நடத்துகிறவர்களிடம் சந்தா என்ற சொல்லை உச்சரித்துப் பாருங்கள். பதிலாக ஒரு பெருமூச்சு வரும். ஐந்நூறு பேர் ஒழுங்காகச் சந்தா கட்டிவிட்டால் இதழ் பிழைத்துக்கொண்டது என்று பொருள். 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா, இரண்டாயிரம் பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தமக்குத் தாமே ஒரு வரம்பு கட்டிக்கொண்டார். அந்த வரம்பை மீற வேண்டிய தொல்லை அவருக்குக் கடைசி வரை நேரவில்லை என்பது இலக்கிய வாசகர்கள் அறிந்த கதைதான்.

இப்படிப்பட்ட மரபில் வளர்ந்தவர்களுக்கு, 2010-ஆம் ஆண்டு இந்தியாவில் சந்தா சேர்க்கப் புறப்பட்ட ஓர் இதழின் வரலாறு திகைப்பூட்டக்கூடியது. அதன் பெயர் ‘சர்வேஸ் டுடே’. தாளில் அச்சானதல்ல, கணினித் திரையில் மட்டுமே வருவது. ஆண்டுச் சந்தா 11,000 ரூபாய். ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்துக்குள் பத்தொன்பது லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள் என்று அதை நடத்திய நிறுவனம் மார்தட்டிக்கொண்டது. அந்த இதழைப் படித்ததாகச் சொன்ன ஒருவரைக்கூட நாம் இன்றுவரை சந்தித்ததில்லை.

படிப்பதற்காக யாரும் அந்தச் சந்தாவைக் கட்டவில்லை. நிறுவனத்தின் பெயர் ஸ்பீக் ஏசியா ஆன்லைன், பதிவானது சிங்கப்பூரில். சந்தா கட்டியவருக்கு ‘பேனலிஸ்ட்’ என்ற பட்டம் கிடைத்தது. அவர் வாரத்துக்கு இரண்டு கருத்துக்கணிப்புகளுக்கு இணையம் வழியாக விடையளிக்க வேண்டும். ஒன்றுக்கு 500 ரூபாய் வீதம் வாரத்துக்கு 1,000, ஆண்டுக்கு 52,000. கேள்விகள் கடினமானவை அல்ல. அன்றாடம் வாங்கும் பொருள்களைப் பற்றியவை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். தமக்குக் கீழே வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டால் அதற்குத் தனியாகப் பணம். இந்தக் கடைசி வாக்கியம்தான் திட்டத்தின் முதுகெலும்பு என்றாலும், கூட்டங்களில் அது பாயசத்தில் முந்திரிபோல மேலாகத் தூவப்பட்டது. முதலில் பேசப்பட்டது எப்போதும் ‘வேலை’யைப் பற்றித்தான்.

பல ஆண்டுகள் கடந்துவிட்ட இந்தக் கதையை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கருத்துக்கணிப்புக்குக் காசு தருவதாக அழைக்கும் குரல் அதன் பிறகு ஓயவே இல்லை. உடை மாற்றிக்கொண்டு, கணினியிலிருந்து இறங்கிக் கைப்பேசிக்குள் புகுந்திருக்கிறது, அவ்வளவுதான். அதன் இன்றைய முகத்தை அடையாளம் காண வேண்டுமானால் இந்தப் பழைய முகத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது.

முதலில், கருத்துக்கணிப்பு என்பது என்ன என்ற எளிய கேள்வி. அமெரிக்காவில் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்றொரு வார இதழ் இருந்தது (பெயரில் இலக்கியம் இருந்தாலும் அதன் புகழுக்குக் காரணம் தேர்தல் ஆரூடம்). 1936 அதிபர் தேர்தலின்போது அது ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்குக் கேள்வி அட்டைகளை அனுப்பியது. தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்தும் முகவரிகள் எடுக்கப்பட்டன. 24 லட்சம் அளவிலான விடைகள் திரும்பி வந்தன. அவற்றை எண்ணிக் கூட்டி, ஆல்ஃப் லேண்டன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. நடந்தது வேறு. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் வென்றார். அதே தேர்தலில், ஏறத்தாழ 50,000 பேரை மட்டும் கவனமாகத் தெரிவுசெய்து கேட்ட ஜார்ஜ் கேலப் சரியாகச் சொன்னார். பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் அமெரிக்க மக்களின் மாதிரி அல்லர் என்பது டைஜஸ்டுக்குத் தாமதமாகவே உறைத்தது. 1938-இல் அந்த இதழ் தனித்து இயங்குவதை நிறுத்திக்கொண்டது.

எத்தனை பேரைக் கேட்டோம் என்பதைவிட யாரைக் கேட்டோம் என்பதே முக்கியம் என்ற இந்தப் பாடம் இந்தியாவுக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பி.சி. மகலனோபிஸ், வங்காளத்தின் சணல் விளைச்சலை வயல் வயலாக எண்ணாமல், தெரிந்தெடுத்த சில துண்டு நிலங்களைக் கொண்டே மதிப்பிட்டுக் காட்டினார். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு அந்த அனுபவத்தின் மேல் எழுந்தது. நம் பாட்டிமார்களுக்கு இதற்கெல்லாம் கழகம் தேவைப்படவில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரே நிபந்தனை, பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுக்க வேண்டும் என்பது. டைஜஸ்ட் செய்தது மேலே மிதந்த பருக்கைகளை மட்டும் எடுத்து நசுக்கிப் பார்த்த வேலை.

ஸ்பீக் ஏசியா என்ன செய்வதாகச் சொன்னது என்பதை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். பானையிலுள்ள அத்தனை பருக்கைகளையும், ஒவ்வொன்றுக்கும் 500 ரூபாய் கொடுத்து, வாரம் இருமுறை நசுக்கிப் பார்ப்பதாகச் சொன்னது! சரியாகத் தெரிவுசெய்யப்பட்ட 1,900 பேரிடம் கேட்டாலே விடை ஏறக்குறைய இரண்டு சதவீதப் புள்ளிகள் முன்பின்னாகக் கிடைத்துவிடும். ஆயிரம் மடங்கு கூடுதலாக, 19 லட்சம் பேரைக் கேட்டால் பிழை முப்பது மடங்குதான் குறையும். ஒரு சோப்புக் கட்டியின் மணம் பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எந்த நிறுவனத்துக்கும் அத்தகைய நுட்பம் தேவையில்லை. அதிலும் தாமே பணம் கட்டி வந்து சேர்ந்தவர்கள், அவர்கள் சேர்த்துவிட்ட உறவினர்கள், அவ்வுறவினரின் நண்பர்கள் என்று ஒரே கொடியில் காய்த்த கூட்டத்தை யாருடைய மாதிரி என்று கொள்வது?

கணக்கும் கடினமானதல்ல. 19 லட்சம் பேருக்குத் தலைக்கு 500 என்றால் ஒரு கருத்துக்கணிப்பின் கூலி மட்டும் 95 கோடி ரூபாய். வாரத்துக்கு 190 கோடி, ஆண்டுக்கு 9,880 கோடி. அத்தனை பேரும் கட்டிய சந்தாவைக் கூட்டினால் 2,090 கோடி வருகிறது. சொன்னபடி கொடுத்தால் அது பதினோரு வாரத்தில் தீர்ந்துவிடும். தனி மனிதரின் கணக்கிலும் அதே விடைதான்: கட்டியது 11,000, பெறுவது வாரத்துக்கு 1,000. பன்னிரண்டாம் வாரத்திலிருந்து அவருக்கு வருவது வேறொருவர் கட்டிய பணம். ஒருவருக்குரிய 52,000 ரூபாயைத் திரட்ட ஏறக்குறைய ஐந்து புதியவர்கள் தேவை. 19 லட்சத்தை அந்த வீதத்தில் பெருக்கிக்கொண்டே போனால் முதல் சுற்றில் 90 லட்சம், அடுத்ததில் நான்கு கோடிக்கு மேல், பிறகு இருபது கோடி, நான்காம் சுற்றில் தொண்ணூற்றைந்து கோடி. 2011 கணக்கெடுப்பில் இந்திய மக்கள்தொகை தொட்டிலில் கிடந்த குழந்தைகளையும் சேர்த்து 121 கோடி.

இந்தக் கணக்கைப் போட எட்டாம் வகுப்புப் போதும். பட்டதாரிகளும் ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஏன் போடவில்லை? பேராசை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது நம்முடைய வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை.

ஒருவர் நம் வீட்டு வாசலுக்கு வந்து, ‘பதினோராயிரம் கொடுங்கள், ஓராண்டில் ஐம்பத்திரண்டாயிரமாகத் திருப்பித் தருகிறேன்’ என்று சொல்லட்டும். சீட்டுக் கம்பெனிகளையும் நிதி நிறுவனங்களையும் பார்த்துச் சலித்த நம் ஊர்ப் பெண்மணிகள் அவரைத் திண்ணையில்கூட உட்கார விடமாட்டார்கள். அதே எண்களை வட்டி என்று சொல்லாமல் கூலி என்று சொன்னவுடன் எல்லாம் மாறிவிடுகிறது. வட்டிக்குப் பயப்படுகிறவர் கூலிக்குப் பயப்படுவதில்லை. உழைத்ததற்குப் பெறுகிறோம் என்ற நினைவு அவரது ஐயத்தைத் தூங்க வைக்கிறது. வாரம் இருமுறை கணினியின் முன் அமர்ந்து, கேள்விகளைப் படித்து, பொறுப்போடு விடையளித்த ஒருவர் தம்மைச் சூதாடி என்று எப்படி நினைப்பார்? கருத்துக்கணிப்பு இங்கே ஒரு தொழில் அல்ல. முதலீட்டின் மேல் போர்த்திய உழைப்பு என்னும் போர்வை. விடைகளை யாரும் வாங்கவில்லை. விடையளிக்கும் செயலே விற்பனைப் பண்டமாக இருந்தது.

போர்வைகளின் வரலாறு நீளமானது. 1920-இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி, 45 நாளில் 50 சதவீத லாபம் தருவதாகச் சொன்னபோது அதற்கு அவர் காட்டிய காரணம் அஞ்சல் துறையின் பன்னாட்டு மறுமொழிக் கூப்பன்கள். ஒரு நாட்டில் மலிவாக வாங்கி மற்றொரு நாட்டில் கூடுதல் மதிப்புள்ள தபால்தலைகளாக மாற்றலாம் என்பது விளக்கம். ஏட்டளவில் அது பொய்யுமல்ல. ‘பாஸ்டன் போஸ்ட்’ நாளேடு துருவத் தொடங்கியபோதுதான், அவர் திரட்டிய பணத்துக்கு 16 கோடிக் கூப்பன்கள் வேண்டும், உலகில் புழங்குவதோ 27,000 அளவில்தான் என்ற கணக்கு வெளிப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் கைதானார்.

போர்வை சட்டத்தின் கண்ணையும் மறைக்கும். கல்கத்தாவில் 1975-இல் ஏழாயிரம் ரூபாய் முதலோடு தொடங்கிய சஞ்சயிதா என்னும் நிறுவனம் 48 சதவீத வட்டி கொடுத்துக் கோடிக்கணக்கில் திரட்டியது. பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடர்ந்தபோது, அந்தச் சட்டம் கூறும் வரையறைக்குள் இந்த ஏற்பாடு அடங்காது என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. பெயர் என்ன என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. வைப்புத்தொகை என்றால் ஒரு சட்டம், சீட்டு என்றால் ஒரு சட்டம். இதழ்ச் சந்தாவுக்கு என்ன சட்டம்? ‘சர்வேஸ் டுடே’ என்ற யாரும் படிக்காத இதழின் பயன் அதுதான்.

கேள்வித்தாளைச் சாவியாகப் பயன்படுத்திக் கதவைத் திறக்கும் வித்தையும் இணையத்தோடு பிறந்ததன்று. புத்தகப் பிரியர்களுக்குச் சற்று வருத்தம் தரும் செய்தி: அமெரிக்காவில் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் விற்பனையாளர்கள் விளம்பர ஆய்வு நடத்துகிறவர்களைப் போல ஒரு கேள்வித்தாளுடன் வீடுகளுக்குள் நுழைந்தார்கள் என்று அந்நாட்டு வணிக ஆணையம் 1976-இல் தீர்ப்பளித்தது. விற்கத்தான் வந்திருக்கிறேன் என்று அச்சிட்ட அட்டையை வாசலிலேயே காட்ட வேண்டும் என்பது ஆணை. விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுகிற நாம், அபிப்பிராயம் கேட்டு வருகிறவரை உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுக்கிறோம். நம்மிடம் அபிப்பிராயம் கேட்பவர்கள் குறைவு. ஓய்வுபெற்ற எழுத்தரிடம், வேலை கிடைக்காத பட்டதாரியிடம், சமையலறையில் நாள் முழுதும் நிற்கிற இல்லத்தரசியிடம் யார் வந்து ‘நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்று கேட்கிறார்கள்? பேசு ஆசியா என்று பெயர் வைத்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பணத்தாசையோடு, கேட்கப்படவேண்டும் என்ற ஆசையும் அங்கே முதலீடாயிற்று.

சரிவு 2011 மே மாதத்தில் தொடங்கியது. தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் கேள்வி எழுப்பின. எங்களுக்காகத்தான் இந்தக் கணிப்புகள் நடக்கின்றன என்று சொல்லப்பட்ட பெருநிறுவனங்கள் சில, அப்படி எந்தத் தொடர்பும் இல்லை என்று மறுத்தன. சிங்கப்பூரில் இருந்த வங்கிக் கணக்கு மூடப்பட்டது. பேனலிஸ்டுகளுக்குப் பணம் வருவது நின்றது. ஜூலையில் மும்பைக் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு, நிறுவனத்தின் இந்திய அதிகாரி ஒருவரைக் கைதுசெய்தது. பின்னர் காவல்துறை சொன்ன கணக்கில் பணம் கட்டியவர்கள் 24 லட்சம் பேர், தொகை 2,276 கோடி ரூபாய். (லிட்டரரி டைஜஸ்டுக்கு விடை அனுப்பியவர்களின் எண்ணிக்கையும் அதே அளவு என்பது வெறும் தற்செயல்.)

இங்கேதான் கதையின் மிகத் துயரமான பகுதி வருகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. பணம் கட்டியவர்களில் பெருங்கூட்டத்தினர் நிறுவனத்தின்மேல் புகார் கொடுக்கவில்லை. நிறுவனத்துக்காகச் சங்கம் அமைத்தார்கள். ஊடகங்கள்தாம் நல்ல தொழிலைக் கெடுத்தன, காவல்துறை விலகிக்கொண்டால் நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிடும் என்று வாதாடினார்கள். தங்களுக்கு வரவேண்டிய தொகைக்காகப் பேனலிஸ்டுகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். 2011 நவம்பரில், முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.சி. லஹோட்டியை நீதிமன்றம் சமரசராக நியமித்தது. திட்டத்தின் மூளை என்று காவல்துறை குறிப்பிட்ட ஒருவர் டெல்லியில் பிடிபட்டது 2013 நவம்பரில். அதற்குள் பலர் கட்டிய பணத்தை மறந்துவிட முடிவு செய்திருந்தார்கள்.

ஏமாந்தவர் ஏமாற்றியவரை ஏன் காக்க வேண்டும்? முதலில் சேர்ந்தவருக்குச் சில வாரங்கள் பணம் உண்மையாகவே வந்தது. அதைக் காட்டித்தான் அவர் மைத்துனரைச் சேர்த்தார், பக்கத்து மேசைக்காரரைச் சேர்த்தார், மகளின் சம்பந்தி வீட்டாரைச் சேர்த்தார். திட்டம் மோசடி என்று ஒப்புக்கொண்டால், தமக்கு வந்த பணம் மைத்துனரின் பணம் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ‘ஏமாந்துவிட்டேன்’ என்று சொல்ல முடிகிறவர்கள்கூட, ‘ஏமாற்றிவிட்டேன்’ என்று சொல்ல நா எழாமல் நிற்கிறார்கள். எனவே நிறுவனம் நல்லது, காலம் கெட்டது. கல்யாண வீடுகளில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதைத் தவிர்த்த குடும்பங்களின் கணக்கை எந்தக் குற்றப்பிரிவும் எடுத்ததில்லை.

இது வடக்கே நடந்த பழங்கதை என்று நாம் தள்ளிவிடவும் முடியாது. 2024 ஜனவரி 29 அன்று கோவை நீலம்பூர் அருகே புறவழிச்சாலையோரம் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். கைப்பேசியில் விளம்பரம் பார்த்தால் பணம் என்று சொல்லி, சில நூறு ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை உறுப்பினர் கட்டணம் பெற்ற மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின்மேல் காவல்துறை வழக்குப் பதிந்திருந்தது. திரண்டவர்கள் நிறுவனத்துக்கு எதிராக அல்ல, ஆதரவாகத் திரண்டவர்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. வழக்கின் நியாயத்தைத் தீர்மானிப்பது நம் வேலையன்று. அந்தச் சாலையோரக் கூட்டத்தின் படத்தைப் பார்த்தபோது பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய சங்கங்கள் நினைவுக்கு வந்தன என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

இந்த வகைத் திட்டங்களுக்கு நேர்மையான ஓர் உறவினரும் இருந்தார். அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய ஆல்அட்வான்டேஜ், இணையத்தில் உலவும்போது திரையோரம் விளம்பரம் பார்ப்பவர்களுக்கு மணிக்கு 50 சென்ட் கொடுத்தது. சேர்வதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரதாரர்களும் நிஜமானவர்களே. ஆனாலும் வருவாயைவிட வழங்கிய தொகை கூடுதலாகி 2001-இல் கடையை மூடியது. உண்மையான விளம்பரப் பணத்தைக் கொண்டே மணிக்கு அரை டாலர் கொடுக்க முடியவில்லை என்றால், பத்து நிமிடத்துக்கு 500 ரூபாய் எங்கிருந்து வரும் என்று யோசிக்கலாம்.

2020-க்குப் பிறகு கேள்வித்தாள் சுருங்கிவிட்டது. இருபது கேள்விகள் போய், ஒரு விடுதிக்கு ஐந்து நட்சத்திரம் போடுங்கள், ஒரு காணொளிக்கு விருப்பக்குறி இடுங்கள் என்று ஒற்றை விரலசைவாயிற்று. வாட்சப்பில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து கனிவான ஒரு பெண்ணின் பெயரில் செய்தி வரும். ஒரு குறிக்கு ஐம்பது ரூபாய். முதல் நாள் நூற்றைம்பதோ இருநூறோ நம் கணக்குக்கு உண்மையாகவே வந்து சேரும். தூண்டிலில் புழு நிஜமாகத்தான் இருக்கும். பிறகு டெலிகிராம் குழு ஒன்றுக்கு மாற்றுவார்கள். அங்கே நூறு பேர் தங்களுக்கு வந்த தொகையைப் படம்பிடித்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நூறில் தொண்ணூற்றொன்பதும் ஒரே கூட்டத்தின் ஆட்களாக இருக்கலாம். அடுத்து ‘முன்பணம் கட்டிச் செய்யும் பணி’. ஆயிரம் கட்டினால் ஆயிரத்து முந்நூறு, ஐயாயிரத்துக்கு ஏழாயிரம். தொகை பெரிதானதும் நம் கணக்கில் லட்சங்கள் இருப்பதாகத் திரை காட்டும், எடுக்கத்தான் முடியாது. ஒரு படி தவறாகச் செய்துவிட்டீர்கள், அதைச் சரிசெய்ய இவ்வளவு, வரி இவ்வளவு, முடக்கத்தை நீக்க இவ்வளவு. இந்திய உள்துறை அமைச்சகம் 2023 டிசம்பரில் இவ்வகையைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட இணையத்தளங்களை முடக்கியது. அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 2020-இல் இத்தகைய புகார் ஒன்றுகூட வரவில்லை. 2024-இன் முதல் பாதியில் மட்டும் ஏறத்தாழ 20,000 வந்தன.

ஸ்பீக் ஏசியாவில் ஏமாற ஓராண்டு பிடித்தது, இதற்கு ஒரு பிற்பகல் போதும். ஆயினும் எலும்புக்கூடு அதேதான். நட்சத்திரம் போடுவது உழைப்பு என்ற போர்வை. முதலில் வரும் சிறுதொகை சாட்சி. பிறகு பணம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்குகிறது.

அந்தத் திசையைத்தான் கவனிக்க வேண்டும். கருத்துக்கணிப்பில் பணம் கேட்பவரிடமிருந்து சொல்பவருக்குச் செல்லும். பதிவுக் கட்டணம், சந்தா, பயிற்சிச் செலவு, திருப்பித் தரப்படும் முன்வைப்பு, வரி என எந்தப் பெயரில் ஆனாலும் சொல்பவரிடமிருந்து கேட்பவருக்கு ஒரு ரூபாய் நகர்ந்தாலும் அது கருத்துக்கணிப்பு அல்ல. இதற்கு விதிவிலக்கு எதையும் நாம் கண்டதில்லை. இரண்டாவதாக, விடையை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் அந்த நிறுவனத்திடமே நேரில் விசாரிக்கலாம். 2011-இல் பத்திரிகையாளர்கள் செய்தது இதைத்தான், அதற்கு ஒன்றிரண்டு நாளுக்கு மேல் ஆகவில்லை. மூன்றாவது அடையாளம் சற்று நுட்பமானது. உண்மையான கணிப்பாளர் எல்லோரையும் விரும்ப மாட்டார். வயது, ஊர், தொழில் கேட்டுவிட்டு நம்மைத் திருப்பி அனுப்புவார். யார் வந்தாலும் வாருங்கள், வீட்டிலுள்ளவர்கள் பெயரிலும் சேருங்கள், எதைச் சொன்னாலும் சரி, தொகை ஒன்றே என்பவருக்கு விடைகள் தேவையில்லை என்று பொருள்.

பணம் கேட்காத வகையும் உண்டு. பண்டிகை நாள்களில் பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையோடு நான்கு கேள்விகள் வரும். விடை சொன்னால் பரிசு. பரிசைப் பெற இருபது பேருக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய பின் வங்கி விவரமோ ஒருமுறைக் கடவெண்ணோ கேட்கும். இங்கே நாம் கட்டும் சந்தா நம் விவரங்கள். சிலரிடம் ‘பணி’க்கான பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகட்டும், உங்களுக்குத் தரகு என்பார்கள். பிறரை ஏமாற்றிய பணம் நம் கணக்கில் வந்து போனால் காவல்துறை முதலில் தட்டுவது நம் கதவைத்தான். கணக்கு முடக்கப்படும்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். மத்திய அரசின் இணையக்குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். முதல் சில மணி நேரங்களில் சொன்னால், பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுவதற்குமுன் வங்கிகளால் நிறுத்திவைக்க முடிகிறது. ஆனால் அந்த மணி நேரங்களை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைப்பதிலேயே பலர் கழித்துவிடுகிறார்கள். சிலர் இழந்ததை மீட்க நகையை அடகு வைத்து மீண்டும் கட்டுகிறார்கள். ‘படித்தவன்தானே, உனக்குத் தெரிய வேண்டாமா’ என்ற கேள்வியை நினைத்துத்தான் அவர்கள் வாய் திறப்பதில்லை என்று தோன்றுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் நாம்தான்.

நேர்மையான கணிப்புக் குழுக்களும் இல்லாமல் இல்லை. நம் நண்பர் ஒருவர் அப்படி ஒன்றில் கட்டணமின்றிச் சேர்ந்தார். பத்தில் ஆறு முறை, ஐந்தாவது கேள்வியிலேயே ‘இந்தக் கணிப்புக்கு நீங்கள் பொருந்தவில்லை, நன்றி’ என்று அனுப்பிவிட்டார்கள். மற்ற முறைகளில் பற்பசையைப் பற்றியும் தேநீர்த் தூளைப் பற்றியும் அரைமணி நேரம் விடையளித்துப் புள்ளிகள் சேர்த்தார். எட்டு மாத முடிவில் அவை 250 ரூபாய்ப் பரிசுக் கூப்பனாக மாறின. அவர் அதை ஒரு சிறுகதைத் தொகுப்பு வாங்கப் பயன்படுத்தினார். புத்தகத்தின் விலை 320. மீதி எழுபதைக் கையிலிருந்து போட்டார்.